பவாய் ஏரி மறுகால் பாய்கிறது: மும்பைத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூலை பிறந்தால் எங்கள் தாராவி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். பவாய் ஏரியின் கல்சுவர் மேலே, வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல் தண்ணீர் வழியும் படம். பின்னாலேயே கேள்விகள் வரும். "இனிமே தண்ணி கட் இருக்காதுல்லா?" என்பார் ஒருவர். "அண்ணாச்சி, மித்தி ஆறு பொங்குமா? கீழ்வீட்டுச் சாமானை மேலே ஏத்தவா?" என்பார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஏழெட்டு வருஷமாக மழைக்காலத்தில் தெருப் பிள்ளைகளைப் பவாய்க்குக் கூட்டிப்போய் வருகிறேன். அந்தப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

பவாய் ஏரி தானாக உண்டானதா, கட்டியதா?

கட்டியது. அணைதான். ஏரியை ஒட்டிய ஐஐடியில் படிக்க வந்த நம் பிள்ளைகள்கூட, அந்த ஏரி ஆதிகாலம் தொட்டு அங்கே கிடப்பதாகத்தான் நினைக்கிறார்கள். கரையில் பூங்கா, நடைபாதை, சாயங்காலமானால் சுட்ட சோளம், சுற்றிலும் அடுக்குமாடிகள் என்று காற்று வாங்கும் இடமாக ஆகிவிட்டதால் அணை என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. மித்தி ஆற்றின் ஒரு கிளை ஓடை இரண்டு குன்றுகளுக்கு நடுவே வந்த பள்ளத்தாக்கை, சுமார் 10 மீட்டர் உயரமுள்ள இரண்டு அணைகளால் அடைத்தார்கள். தேங்கிய தண்ணீருக்கு அந்த இடத்தின் பெயரே நிலைத்தது.

நம் ஊர்க் குளத்துக்கும் இதற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. கரை உண்டு, வரத்து உண்டு, நிறைந்தபின் வழிந்தோட ஒரு தாழ்ந்த இடம் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் அதை மறுகால் என்போம், வட மாவட்டங்களில் கலிங்கு என்பார்கள். ஜூலைப் படத்தில் நீங்கள் பார்ப்பது பவாயின் மறுகாலைத்தான்.

எப்போது, எதற்காகக் கட்டினார்கள்?

குடிதண்ணீருக்காக. 1860-இல் விஹார் ஏரி முடிந்தது, 1879-இல் துள்சி. இரண்டும் இன்றைய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய மலைப்பகுதியில் இருக்கின்றன. ஆலைகள் பெருகி ஆட்கள் வந்து குவியக் குவிய இரண்டும் போதவில்லை. தொலைவில் தான்சா அணை வேலை நடந்துகொண்டிருந்தது, ஆனால் அது முடியும்வரை நகரம் காத்திருக்க முடியாது. ஆகவே பக்கத்திலேயே கிடைத்த பவாய்ப் பள்ளத்தாக்கை 1889-இல் அடைக்க ஆரம்பித்து, 1890–91-இல் முடித்தார்கள். செலவு சுமார் 12.59 லட்சம் ரூபாய்.

பிறகு ஏன் குடிநீர்ப் பட்டியலில் பவாய் இல்லை?

1892-இல் தான்சா தண்ணீர் வந்து சேர்ந்தது. பவாய்த் தண்ணீரோ தரத்தில் தேறவில்லை. ஆழம் குறைந்த நீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும், பாசி பிடிக்கும். மேய்ச்சலும் குடியிருப்பும் உள்ள சரிவுகளிலிருந்து மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். குடிக்கத் தகாது என்று ஒதுக்கினார்கள். இன்றைக்கு இதன் தண்ணீர் தொழிற்சாலை உபயோகத்துக்கும் ஆரே மில்க் காலனி என்ற மாட்டுப்பண்ணைப் பகுதிக்கும்தான் என்று கணக்கு.

மும்பையின் குழாய்த் தண்ணீர் ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது: மேல் வைதர்ணா, மோடக் சாகர், தான்சா, நடு வைதர்ணா, பாட்சா, விஹார், துள்சி. எட்டாவதாகப் பவாயைச் சேர்த்துச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தவறு.

ஏரி நிரம்பிவிட்டதே, தண்ணி கட் போய்விடுமா?

போகாது. தண்ணி கட் நீங்க வேண்டுமானால் பாட்சாவும் வைதர்ணாவும் நிறைய வேண்டும். ஏழு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி பாட்சா ஒன்றிலேயே இருக்கிறது. பவாய் நிரம்பிய செய்தியை நம்பிப் பீப்பாயைக் காலிசெய்துவிடாதீர்கள்.

எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?

முழுதாக நிறைந்தால் 545.5 கோடி லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் மும்பை ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 390 கோடி லிட்டர், பவாய் முழுவதையும் குழாயில் விட்டாலும் ஒன்றரை நாளுக்குக் காணாது. விஹார் இதைப்போல் ஐந்து மடங்கு, சுமார் 2,770 கோடி லிட்டர். ஏழு ஏரிகளும் சேர்ந்து ஏறக்குறைய 1,44,736 கோடி லிட்டர்.

இன்னொரு கணக்கு உண்டு, பிள்ளைகளிடம் நான் கட்டாயம் போடச் சொல்வது. நிறைந்திருக்கும்போது ஏரியின் பரப்பு 2.23 சதுர கிலோமீட்டர். கொள்ளளவைப் பரப்பால் வகுத்தால் சராசரி ஆழம் இரண்டரை மீட்டர்கூட வராது. ஒரு ஆள் தோள்மேல் இன்னொரு ஆள் நின்றால் மேலே இருப்பவர் தலை வெளியே தெரியும். இப்படித் தட்டையாகப் பரந்த நீருக்கு ஒரு அடி வண்டல்கூடப் பெரிய இழப்பு. தூர் பற்றிக் கீழே சொல்லும்போது இந்த இரண்டரை மீட்டரை நினைவில் வையுங்கள்.

பெரும்பாலான வருஷங்களில் ஜூலைக்குள்ளேயே எப்படி நிறைகிறது?

தண்ணீர் வந்து சேரும் பகுதி, அதாவது நீர்ப்பிடிப்பு, 6.61 சதுர கிலோமீட்டர். அதன்மேல் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 66 கோடி லிட்டர். காலி ஏரி நிறைய சுமார் 825 மில்லிமீட்டர் மழை முழுக்க ஓடி வர வேண்டும். மும்பையில் பருவமழை ஒரு பருவத்துக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும், ஏரியும் மே மாதத்தில் வறண்டு கிடப்பதில்லை. ஜூன் இரண்டாம் வாரம் மழை இறங்கினால் ஜூலையில் மறுகால் பாய்வதில் வியப்பில்லை. அதன்பின் செப்டம்பர்வரை விட்டுவிட்டு வழிந்துகொண்டே இருக்கும்.

வழிந்த தண்ணீர் எங்கே போகிறது?

நம் வீட்டு வாசலுக்கு. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. துள்சி நிறைந்தால் அதன் மிச்சம் விஹாருக்கு வரும். விஹாரின் மிச்சமும் பவாயின் மிச்சமும் கூடும் இடத்தில்தான் மித்தி ஆறு பிறக்கிறது. அங்கிருந்து சாக்கிநாக்கா, விமான நிலையத்தின் ஓரம், குர்லா, கலினா, பாந்த்ரா-குர்லா வளாகம் என்று வளைந்து, தாராவியை உரசிக்கொண்டு, மாஹிம் கழிமுகத்தில் கடலில் சேர்கிறது. நீளம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் நாலாவுக்கு, அதாவது அந்தச் சாக்கடைக் கால்வாய்க்கு, தலை அந்த ஏரிகள்தான்.

என் தாத்தா காலத்தில் ஊரில் ஒரு குளம் மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்காரர் வந்து கரையைப் பார்ப்பார். மேல்குளத்தின் மிச்சம் கீழ்குளத்தின் வரத்து என்பது எல்லாருக்கும் தெரியும், குளங்கள் சங்கிலியாகக் கோத்துக் கிடந்தன. அதே சங்கிலி மும்பையிலும் இருக்கிறது. பவாய்க்காரரும் குர்லாக்காரரும் தாராவிக்காரரும் ஒரே கண்ணியில் இருக்கிறோம். ஆனால் ஒருவரை ஒருவர் மழை வெள்ளத்தில்தான் நினைக்கிறோம்.

"பவாயில் திறந்துவிட்டார்கள், அதனால்தான் வெள்ளம்" என்கிறார்களே?

ஒவ்வொரு மழைக்கும் இந்த வதந்தி ஓடும். பவாயில் நடப்பது தானாக வழிவது. நீர்மட்டம் மறுகாலின் உயரத்தைத் தாண்டியதும் மிச்சம் கீழே இறங்கும். யாரோ ஷட்டரைத் தூக்கி நம்மேல் வெள்ளத்தை ஏவுவதாகக் கற்பனை செய்ய வேண்டாம். சேதியைப் பரப்பும் முன் அன்றைய மழை அளவையும் மாஹிமில் கடலேற்றம் எத்தனை மணிக்கு என்பதையும் பாருங்கள். நம் பகுதியில் தண்ணீர் ஏறுவதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இவை இரண்டும்தான். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் மித்தி வடிய வழியில்லை. பழைய மழைநீர்க் கால்வாய்களும் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கு, அதுவும் கடல் இறங்கியிருக்கும் வேளைக்கு என்று கணக்கிட்டுப் போட்டவை.

அப்படியானால் அணை வெள்ளத்தைத் தடுப்பதில்லையா? 2005-இல் என்ன நடந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதே மழை பவாயின் நீர்ப்பிடிப்பு முழுவதிலும் பெய்ததாக வைத்துக்கொள்வோம். 6.61 சதுர கிலோமீட்டருக்கு 944 மில்லிமீட்டர் என்றால் 624 கோடி லிட்டர். ஏரியின் மொத்தக் கொள்ளளவு 545.5 கோடி. அன்று காலை ஏரி ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்திருந்தாலும், மறுநாள் காலைக்குள் நிறைந்து வழிந்திருக்கும். ஜூலைக் கடைசியில் அது காய்ந்தா கிடக்கும்?

இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்போம். மித்தியின் மொத்த நீர்ப்பிடிப்பு ஏறக்குறைய 73 சதுர கிலோமீட்டர். பவாயின் பங்கு அதில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அன்றைய மழையை மித்திப் படுகை முழுவதற்கும் பெருக்கினால் கிட்டத்தட்ட 6,900 கோடி லிட்டர் வருகிறது. காலியான பவாய் அதில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத்தான் பிடித்துவைத்திருக்க முடியும். மீதியில் பெரும்பகுதி கூரைகளிலும் சாலைகளிலும் ஓடுதளத்திலும் விழுந்து, ஏரியையே பார்க்காமல் நேராக மித்திக்கு வந்தது. ஆற்றின் அகலத்தைக் குறுக்கியிருந்தோம். ஓடுதளத்துக்காக அதைச் செங்கோணத்தில் மடக்கியிருந்தோம். சதுப்பை மேடாக்கியிருந்தோம். வெள்ளத்துக்குப்பின் மாதவ் சிதளே தலைமையில் அமைந்த உண்மையறியும் குழு நகரத்தின் வடிகால் நிலையை விரிவாக ஆராய்ந்தது. மித்திக்கென்று ஒரு மேம்பாடு மற்றும் பாதுகாப்பு ஆணையமும் அந்த ஆண்டே உருவானது.

ஆகவே பவாயைக் குற்றவாளியாக்காதீர்கள், காவல்தெய்வமாக்கவும் வேண்டாம். அது சின்ன அணை, அதன் வேலையும் சின்னது.

சின்னது என்றால் என்ன வேலை?

மூன்று வேலைகள் எனக்குத் தெரிகின்றன.

ஜூன் மழை முதலாவது. ஏரி நிறையும்வரை அந்த 6.61 சதுர கிலோமீட்டரில் விழும் மழை மித்திக்கு இறங்காது. முதல் சில வாரங்கள் கீழே இருப்பவர்களுக்கு இது மெய்யான உதவி, ஏனென்றால் நாலாக்களில் கோடைக் குப்பை அப்போதுதான் கிளம்பி மதகுகளை அடைக்கும்.

நிறைந்த பிறகும் ஏரி வேலை செய்வதை நிறுத்துவதில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. கனமழையில் ஏரி மட்டம் மறுகாலுக்கு மேலே 10 சென்டிமீட்டர் ஏறினால், 2.23 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது 22 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் உடனே இறங்காமல் சில மணி நேரம் மேலே நின்று நிதானமாக வழியும். வெள்ளத்தின் மொத்த அளவு குறையாது, உச்சி மழுங்கும். கடலேற்றத்தோடு அந்த உச்சி மோதாமல் தள்ளிப்போனால் குர்லாவில் ஒரு படிக்கட்டு நனையாமல் தப்பும்.

மூன்றாவது, கோடையில் செய்ய வேண்டியது. ஏரித் தண்ணீரைத் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் மாட்டுத் தொழுவம் கழுவவும் எடுத்தால், நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் குடிநீரை அந்த வேலைகளுக்கு வீணாக்க வேண்டாம். எடுத்த அளவுக்கு ஏரியில் இடமும் காலியாகும். அந்தக் காலியிடம்தான் அடுத்த ஜூன் மழைக்கு மடி. ஏரியைப் பயன்படுத்தினால்தான் ஏரி வேலை செய்யும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். சாக்கடை கலந்து தண்ணீர் கெட்டால் எடுக்க ஆள் வராது. எடுக்காத ஏரி மே மாதத்திலும் நிறைந்தபடி நிற்கும், ஜூனில் பிடிக்க இடமிருக்காது. சுத்தத்தையும் வெள்ளத்தையும் தனித்தனிச் சங்கதியாகப் பேசுகிறோம், பவாயில் அவை ஒன்றுதான்.

நிலத்தடி நீரைக் கேட்பீர்கள். மும்பையின் அடியில் இருப்பது எரிமலைக் கருங்கல். மேலே உள்ள சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும் தண்ணீர் இறங்கும். ஏரியைச் சுற்றியுள்ள கிணறுகளுக்கு உதவும், தாராவி ஆழ்துளைக் கிணற்றுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

மழைக்கு முன்னால் மொத்தமாகக் காலிசெய்து வைத்தால்?

மேலே போட்ட கணக்குப்படி, பெருவெள்ளத்தில் அதனால் கிடைக்கும் பயன் குறைவு. மீனும் ஆமையும் பறவையும் செத்துப்போகும். ஏரியடி வெயிலில் வெடித்து நாறும். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இறங்கும் அளவுக்குக் கோடையில் எடுத்துப் பயன்படுத்துவதே என் மனதுக்குச் சரியாகப் படுகிறது.

தூர் வாரினால் போதாதா? ஊரில் குடிமராமத்து செய்கிறோமே?

வார வேண்டும், ஆனால் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்து பேசுவோம். ஏரி முழுவதும் ஒரு அடி வண்டல் எடுப்பதென்றால் ஏறக்குறைய 6,80,000 கன மீட்டர் மண். ஒரு டிப்பர் லாரி 10 கன மீட்டர் ஏற்றும் என்று வைத்தால் 68,000 நடை. கிடைக்கும் கூடுதல் கொள்ளளவு 68 கோடி லிட்டர், ஏரியின் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டரை மீட்டர் ஆழ ஏரிக்கு அது பெரிய காரியம்தான்.

ஊரில் கோடையில் குளத்துக் கரம்பை மண்ணை வண்டி வண்டியாக வயலுக்கு அள்ளிப்போவார்கள். குளமும் ஆழமாகும், வயலும் கொழிக்கும், எடுத்துப்போக ஆள் அடித்துக்கொண்டு நிற்பார்கள். பவாயின் வண்டலில் சாக்கடைச் சேறும் பிளாஸ்டிக்கும் பிள்ளையார் சிலைப் பூச்சும் கலந்திருக்கிறது, சுற்றிலும் வயலும் இல்லை. கொட்ட இடம் தேடுவதே பெரும்பாடு. நான் கேட்டுக்கொள்வது, முதலில் வண்டல் வரும் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான். ஏரிக்குள் நுழையும் ஓடைகளின் வாயில் சிறு வண்டல் தொட்டிகள் வைத்து வருஷந்தோறும் அவற்றை மட்டும் அள்ளினால், ஏரியின் வயிற்றுக்குள் இயந்திரம் இறக்கும் தேவை வெகுவாகக் குறையும். வேலை சின்னதாக இருப்பதால் திறப்பு விழா கிடைக்காது, அதனால்தானோ என்னவோ யாரும் கேட்பதில்லை.

பச்சைப் பாய் விரித்ததுபோல் செடி மூடியிருக்கிறதே, அது நல்லதா?

எங்கள் பக்கம் அமலைச் செடி, மற்ற இடங்களில் ஆகாயத்தாமரை. ஊதாப்பூ அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது ஏரியின் காய்ச்சல். கழிவுநீரில் உள்ள சத்துக்களைத் தின்று சில வாரங்களில் இரட்டிப்பாகும். வெளிச்சத்தை மறைக்கும், அழுகி அடியில் விழுந்து உயிர்வளியைத் தின்னும், மீன் மூச்சுமுட்டும். அழுகியது எல்லாம் கடைசியில் வண்டல்.

மாநகராட்சி இயந்திரப் படகுகளை விட்டு அள்ளுகிறது. நான் பார்த்த ஒரு டிசம்பரில் சுத்தமாக இருந்த மூலை, மார்ச்சில் போனபோது நடக்கலாம்போல் மூடியிருந்தது. அள்ளியவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், வெயிலில் நாற்றத்தில் நின்று அள்ளுகிறார்கள். சாக்கடை வரத்து நிற்காமல் செடி நிற்காது. தேசிய ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தில் 1995-இலேயே பவாய் சேர்க்கப்பட்டது. இத்தனை ஆண்டுக்குப் பின்னும் கேள்வி அதேதான்: குடியிருப்புகளின் கழிவுநீர் ஏரிக்குள் விழாமல் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா?

முதலை இருப்பது உண்மையா? இறங்கிக் குளிக்கலாமா?

உண்மை. சதுப்பு முதலைகள் இருக்கின்றன, குளிர்காலக் காலையில் திட்டுகளில் வெயில் காய்வதைப் பார்க்கலாம். குளிக்க இறங்காதீர்கள். முதலையைவிடச் சேறும் செடிக்கொடியும் அதிக ஆபத்து, நீச்சல் தெரிந்தவர் காலையும் அவை பின்னிக்கொள்ளும்.

மீன் பிடிக்கலாமா?

அனுமதி பெற்றுத் தூண்டில் போடுவோர் உண்டு. மகாராஷ்டிர மாநிலத் தூண்டில் மீன்பிடிப்போர் சங்கம் நெடுங்காலமாக இங்கே இயங்குகிறது. ரோகு, கட்லா கிடைக்கும். அனுமதி இல்லாமல் வலை வீசினால் வழக்குதான்.

கரையில் சைக்கிள் பாதை போட்டதை நீதிமன்றம் ஏன் எடுக்கச் சொன்னது? நல்ல காரியம்தானே?

என் மருமகன்கூட இதைக் கேட்டான், சைக்கிள் வாங்கிய புதிதில். 2021-இல் மாநகராட்சி ஏரியைச் சுற்றி சைக்கிள் மற்றும் ஓட்டப்பாதை போட ஆரம்பித்தது. கம்பிவலைக் கூண்டுக்குள் கற்களை அடுக்கி ஏரி ஓரத்தில் இறக்கினார்கள். ஐஐடி மாணவர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வழக்குப் போட்டார்கள். 2022 மே 6 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வேலை சட்டவிரோதம் என்று கூறி, போட்டதை அகற்றி இடத்தைப் பழையபடி ஆக்க உத்தரவிட்டது. ஈரநிலங்களைக் காக்கும் 2017-ஆம் ஆண்டு விதிகள் நிலையான கட்டுமானத்தைத் தடுக்கின்றன.

சைக்கிள் ஓட்டுவது நல்லது. ஆனால் ஏரியின் ஓரம் வெறும் சேற்று நிலம் இல்லை. கோடையில் காய்ந்து மழையில் மூழ்கும் அந்தப் பட்டைதான் வெள்ளத்துக்கு விரிய இடம். இலைக்கோழியும் நாரையும் இரை தேடுவதும் முதலை முட்டையிடுவதும் அங்கேதான். ஊரில் இதை நீர்ப்பிடிப் புறம்போக்கு என்று தொடாமல் விட்டுவைத்தார்கள். தொட்ட குளங்கள் என்ன ஆயின என்று நம்மில் பலருக்குத் தெரியும், அந்த மனைகளில் இப்போது வீடு கட்டியிருக்கிறவர்களும் இதைப் படிக்கிறார்கள். ஏரிக்கரையைக் கல்லால் இறுக்குவது அதன் இடுப்பில் கயிறு கட்டுவது. அந்தத் தீர்ப்பை நான் மனமார வரவேற்கிறேன்.

பிள்ளையாரைப் பவாயில் கரைக்கலாமா?

களிமண் பிள்ளையார் கரைவார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தவர் கரைய மாட்டார், வண்ணப் பூச்சோடு அடியில் கிடப்பார். எங்கள் தெருவில் சில வருஷங்களாக ஒன்றரை அடிக் களிமண் சிலைதான் வைக்கிறோம், வாளித் தண்ணீரில் கரைத்துத் துளசிக்கு ஊற்றுகிறோம். பெரிய சிலை வைப்பவர்கள் மாநகராட்சி அமைக்கும் செயற்கைக் குளங்களுக்குப் போகலாம். பூமாலையை மட்டுமாவது பையோடு தூக்கி ஏரிக்குள் எறியாதீர்கள்.

தாராவியில் இருக்கும் நாங்கள் பவாய்க்கு என்ன செய்ய முடியும்?

மேலே இருப்பவர்களிடம் கேட்க முடியும். வார்டு அலுவலகத்தில் நாம் நம் நாலாவைப் பற்றி மட்டும் மனுக் கொடுக்கிறோம். "மித்தியின் தலையில் உள்ள பவாய்க்குள் கழிவுநீர் விழுவதை எப்போது நிறுத்துவீர்கள்? கோடையில் ஏரித் தண்ணீர் எவ்வளவு எடுக்கப்படுகிறது? மே முடிவில் மட்டம் என்ன?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், மராத்தியிலோ இந்தியிலோ ஒரு பக்கம் எழுதினால் போதும். கீழ்குளத்துக்காரருக்கு மேல்குளத்தைப் பற்றிக் கேட்கும் பாத்தியதை உண்டு. எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் எழுதிக் கொடுக்கிறோம்.

பார்க்கப் போக வேண்டும். எப்போது, எப்படி?

சயானில் ஸ்லோ ரயில் ஏறிக் காஞ்சூர்மார்க்கில் இறங்கினால் பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கும். அந்தேரிப் பக்கமிருந்து வருபவர்கள் மெட்ரோவில் சாக்கிநாக்கா வந்து போகலாம். ஏரியை ஒட்டிப் போகும் சாலைக்கு ஆதி சங்கராச்சாரியார் பெயர், கேட்டால் வழி சொல்வார்கள். ஐஐடி வளாகத்துக்குள் ஏரிக்கரையில் பத்மாவதி அம்மன் கோவில் இருக்கிறது, உள்ளே போக வாயிலில் அனுமதி கேளுங்கள்.

மே கடைசியில் ஒருமுறையும் ஜூலை நடுவில் ஒருமுறையும் போனால்தான் ஏரி விளங்கும். முதல் தடவை கரைக்கல்லில் தண்ணீர் எந்த வரிசைவரை நிற்கிறது என்று பிள்ளைகளைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள், இரண்டாம் தடவை அதே கல்லைத் தேடச் சொல்லுங்கள். மறுகால் பாயும் நாளில் சத்தம் தூரத்திலேயே கேட்கும். தடுப்புக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள், பாசி பிடித்த கல் கண்ணுக்குக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் வழுக்கும், சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.